ஸைடரில் பழச்சுவை சேர்க்கும் முறை

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள ஹெரிபோர்டுஷயர், ஸாமர்ஸெட் முதலிய ஜில்லாக்களில், ஆப்பிள் தோட்டமுடைய குடியானவர்கள் பழத்தைப் பிழிந்து, சாற்றைப் புளிக்கவைத்து, ஸைடர் என்னும் பானம் செய்வது நெடுநாளைய வழக்கமாகும். இதன் பொருட்டே பிரிஸ்டல் நகருக்கு அருகில் லாங் ஆஷ்டனில் 1903-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்று, 2003-ஆம் ஆண்டு வரை நடைபெற்றது.

வீட்டில் ஸைடர் செய்வோருள் பலர் ராஸ்ப்பெர்ரி, பிளாக்கரண்ட், செர்ரி முதலிய பழங்களின் சுவையை அதில் ஏற்றுகின்றனர். அவர்கள் முதலில் மனத்திற்கொள்ள வேண்டுவது யாதெனில், பழம் வாசனைப் பொருள் மட்டுமன்று. அது சர்க்கரையுமாகும் என்பதே.

சேர்க்கும் காலம்

சாறு பொங்கிப் புளிக்கும் முதல் நாட்களில் பழத்தை இடுதல் கூடாது. அப்பொழுது வெளியேறும் கரியமில வாயுவோடு நறுமணமும் போய்விடும். சாற்றின் ஒப்படர்த்தி தொடக்கத்தில் சுமார் 1.050 இருக்கும். திரவமானியில் அது 1.005-க்குக் குறைந்த பின்னர், வண்டலை நீக்கி வேறு பாத்திரத்தில் வடித்துப் பழத்தைச் சேர்த்தல் நலம்.

பழத்தின் பக்குவம்

பழுத்து, அழுகலற்ற பழமே ஏற்றது. அதைக் கழுவி உறையவைத்துப் பின் இளகவிட்டால், திசுக்கள் உடைந்து சாறு எளிதில் இறங்கும். காய்ச்சினால் பெக்டின் கரைந்து பானம் கலங்கும். வெந்த வாடையும் வீசும். செர்ரியின் கொட்டையை நசுக்கலாகாது. 1 லிட்டர் ஸைடருக்கு 100 முதல் 200 கிராம் வரை பழம் போதுமானது. இரண்டு மூன்று வாரங்களில் சுவை இறங்கிவிடும். பாத்திரத்தில் காற்று புகுந்தால் பானம் காடியாகிவிடும். ஆகையால், வாயு வெளியேறவும் காற்று உட்புகாதிருக்கவும் தக்கவாறு நீரடைப்புப் பொருத்துதல் அவசியம்.

புட்டியில் அடைத்தல்

அபாயம் இங்கேதான் உள்ளது. 1 லிட்டரில் 4 கிராம் சர்க்கரை புளித்தால், ஏறக்குறைய 1 லிட்டர் கரியமில வாயு உண்டாகும். செர்ரிப் பழத்தில் நூற்றுக்குச் சுமார் 12 பங்கு சர்க்கரை உண்டு. எனவே 200 கிராம் பழம் 24 கிராம் சர்க்கரையைக் கொண்டுவருகின்றது. அது முழுவதும் மூடிய புட்டிக்குள் புளித்தால், பானத்தைப்போல் ஆறு மடங்கு வாயு சேரும். ஷாம்பேன் ஒயினுக்கென்றே கனத்த கண்ணாடியால் செய்த புட்டிதான் இவ்வழுத்தத்தைத் தாங்கும். சாதாரணப் புட்டி வெடித்துக் கண்ணிலும் கையிலும் காயம் விளைவிக்கும்.

ஆகவே, பழத்தை வடித்து நீக்கிய பிறகு, பானத்தைக் குளிரில்லாத இடத்தில் வைத்து, ஒப்படர்த்தி 1.000 அல்லது அதற்குக் கீழ் இறங்கி, இரண்டு வாரம் மாறாதிருப்பதைக் கண்டே அடைத்தல் வேண்டும். குமிழி அடங்கியது மட்டும் போதிய சாட்சியன்று. குளிரினால் ஈஸ்ட் உறங்கிக் கிடக்கலாம். மென்மையான நுரை விரும்புவோர், உறுதியான புட்டியில் லிட்டருக்கு 4 முதல் 6 கிராம் வரை சர்க்கரையை நிறுத்துச் சேர்க்கலாம்.

இனிப்பு

சர்க்கரை யாவும் புளித்துவிடுவதால், பழத்தின் மணம் இருந்தும் பானம் புளிப்பாகவே இருக்கும். இதைக் கண்டு, அடைக்கும் சமயத்தில் மனம்போனபடி சர்க்கரை கொட்டுவதே பல விபத்துகளுக்குக் காரணம். இனிப்பு வேண்டுவோர் பருகும்பொழுது கோப்பையில் பழச்சாறு கலந்துகொள்வதே தக்க வழி.

நம் நாட்டார்க்கு ஒரு சொல்

தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் அமலில் இருப்பதால், உரிமமின்றி இப்பானம் செய்தல் குற்றமாகும். எனினும் மேற்கூறிய கணக்கு, பழச்சாற்றையும் பதநீரையும் புட்டியில் அடைப்போர்க்கும் பொருந்தும். சர்க்கரையும் ஈஸ்டும் ஒருங்கே உள்ள திரவத்தை இறுக மூடி வைத்தல் எவ்விடத்தும் ஆகாது.