பாத மருத்துவர்களே, பதிவைப் புதுப்பிக்கும் முன்...

பிரிட்டனில் பாத மருத்துவராக இருப்பவர்கள் எச்.சி.பி.சி. என்ற ஒழுங்குமுறை அமைப்பில் தங்கள் பதிவை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இத்தனை மணி நேரம் படித்தாக வேண்டும் என்ற கணக்கு அங்கே கிடையாது. அதற்காக அசட்டையாக இருந்துவிடாதீர்கள்! 2.5 சதவீதம் பேரைக் குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்து, என்ன கற்றீர்கள் என்று எழுதித்தரச் சொல்வார்கள்.

கற்ற அன்றே தேதி போட்டுக் குறித்துவையுங்கள். ‘நீரிழிவுப் பாதம் பற்றிய வகுப்பு’ என்று மட்டும் எழுதினால் பிரயோசனமில்லை. ‘10 கிராம் மோனோஃபிலமென்ட்டைக் காய்ப்பு விழுந்த இடத்தில் வைத்தால் உணர்ச்சி சரியாகத் தெரியாது என்று கற்றேன், இப்போது அந்த இடத்தைத் தவிர்த்துச் சோதிக்கிறேன்’ என்று எழுதுங்கள். நோயாளிக்கு என்ன நன்மை என்பதுதான் முக்கியம். அவர் பெயரோ அடையாளமோ வேண்டவே வேண்டாம்.

சான்றிதழ் தரும் வகுப்புகள் மட்டுமல்ல, ஆய்வுக் கட்டுரை வாசித்தது, ஜூனியருக்குச் சொல்லிக்கொடுத்தது எல்லாமே கணக்கில் சேரும். எல்லாம் ஒரே வகையாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

உங்கள் பெயர் தேர்வான சமயத்தில் உடம்பு சரியில்லை, பிரசவ விடுப்பு என்றால் தயங்காமல் தள்ளிவைக்கக் கேளுங்கள். பதிவு செய்து இரண்டு ஆண்டு ஆகாதவர்களைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் குறிப்பேட்டை முதல் நாளிலிருந்தே தொடங்குங்கள்.