நட்சத்திரமா, நாற்றங்காலா?
தமிழ் தலைவாஸ் கபடி அணியிலிருந்து கடைக்காரர்களுக்கு ஒரு பாடம்

நம் வட்டாரத்தில் இரண்டு கடைக்காரர்கள் சந்தித்துக்கொண்டால் விலைவாசி, வரி, வராத பாக்கி ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகப் பேசும் பேச்சு ஒன்று உண்டு: "நல்ல ஆள் கிடைப்பதில்லை." வேலூர் மண்டித் தெருவானாலும், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுக் கடைவீதிகளானாலும் குறை இதுவே. இதற்கு நம் பகுதிக்கே உரிய காரணமும் இருக்கிறது. காலணித் தொழிற்சாலைகள் கிராமங்களுக்கே பேருந்து அனுப்பி ஆட்களை அழைத்துச் செல்கின்றன. அங்கே போனால் வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ., வார விடுமுறை எல்லாம் உண்டு. காலை முதல் இரவு வரை நிற்க வேண்டிய கடை வேலைக்கு இளைஞர்கள் ஏன் வரவேண்டும்?

இந்தக் குறைக்கு நம்மில் பலர் உடனே தேடும் மருந்து, வேறொரு கடையில் பெயர் வாங்கிய ஒருவரைக் கூடுதல் சம்பளம் சொல்லி அழைத்து வருவதுதான். இம்மருந்து எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம். ஆராய்ச்சிக்கு ஒரு விளையாட்டு அணியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஒரு வியாபாரியின் ஆள் கணக்கை மற்றொரு வியாபாரி பார்க்க இயலாது. ஏலத்தில் ஆள் எடுக்கும் கபடி அணியிலோ, யாருக்கு என்ன விலை, அவர் எத்தனை புள்ளி ஈட்டினார், அணி எந்த இடம் பெற்றது என எல்லாமே பகிரங்கம்.

ஏலத்தின் விதிகள்

புரோ கபடி லீக் 2014இல் எட்டு அணிகளுடன் தொடங்கியது. 2017இல் நான்கு அணிகள் புதிதாகச் சேர்ந்து பன்னிரண்டாயின. அந்த நான்கில் ஒன்று தமிழ் தலைவாஸ். மற்றொன்று ஹரியானா ஸ்டீலர்ஸ். இந்த இரண்டாவது பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

களத்தில் ஆடுவோர் ஏழு பேர். ஆனால் 2022இல் ஒவ்வோர் அணியும் குறைந்தது 18 பேரையும், அதிகமாக 25 பேரையும் வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. அத்தனை பேருக்கும் சேர்த்துச் செலவிடக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு உண்டு. அவ்வாண்டு அது 4 கோடியே 40 லட்சம் ரூபாய். எவ்வளவு பெரிய முதலாளியானாலும் அதற்கு மேல் செலவிட முடியாது. ஆகவே ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுப்பது என்றால், மற்றவர்களுக்குக் குறைப்பது என்றே பொருள். சம்பளப் பட்டியலை வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கும் கடைக்காரருக்கு இந்நிலைமையை விளக்க வேண்டியதில்லை.

பெயர் பெற்றவர்கள் வந்தார்கள், அணி எழவில்லை

தலைவாஸ் அணிக்கு விளம்பரத்தில் குறையே இல்லை. தொடக்கத்தில் அதன் உரிமையாளர்களுள் ஒருவர் சச்சின் டெண்டுல்கர். விளம்பரத் தூதுவர் கமல்ஹாசன். அணித் தலைவர் அஜய் தாக்கூர், 2016இல் அகமதாபாத்தில் இந்தியா உலகக் கோப்பையை வென்றபோது முன்னின்று ஆடியவர். இருந்தும் 2017இல் தன் பிரிவிலிருந்த ஆறு அணிகளில் தலைவாஸ் கடைசி. 2018இல் மன்ஜீத் சில்லர், ஜஸ்வீர் சிங் போன்ற அனுபவசாலிகள் சேர்ந்தார்கள். மறுபடியும் தன் பிரிவில் கடைசி.

2019இல் எதிர்க்களத்துக்குப் பாடிச் சென்று புள்ளி எடுப்பதில் அன்று முன்னணியில் இருந்த ராகுல் சவுத்ரி 94 லட்சத்துக்கு எடுக்கப்பட்டார். அஜய் தாக்கூர், மன்ஜீத் சில்லர், ராகுல் சவுத்ரி என்று மூன்று பெரும் பெயர்கள் ஒரே அணியில்! கபடி தெரிந்தவர்கள் மிகவும் எதிர்பார்த்தார்கள். ஆடிய 22 ஆட்டங்களில் வெற்றி நான்கே. பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாம் இடம். நடுவிலே பயிற்சியாளரும் மாறினார்.

நோய்த்தொற்றுக் காலத்தில் ஓராண்டு போட்டி நின்றது. மீண்டும் 2021 டிசம்பரில் தொடங்கிய பருவத்துக்கு அணி பெரும்பாலும் புதிதாக அமைக்கப்பட்டது. அப்போதும் பதினோராம் இடம்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தோல்விப் பருவத்தில் சாகர் ராத்தி என்னும் இளம் தடுப்பாட்டக்காரர் 82 பிடி புள்ளிகள் எடுத்தார். சாஹில் குலியா, எம். அபிஷேக், அஜிங்க்ய பவார் ஆகியோரும் அந்த அணியில் இருந்தார்கள். பட்டியலில் கடைசிக்கு முந்திய இடத்தில் கிடந்த அணிக்குள்ளே ஒரு நாற்றங்கால் தயாராகிக்கொண்டிருந்தது. வரவு செலவு ஏட்டின் கடைசி வரியை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இது தெரிந்திருக்காது.

2022: கடைசியில் காப்பாற்றியது யார்?

2022 ஆகஸ்ட் ஏலத்தில் தலைவாஸ் அணி பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தது. அதுவரை அந்தப் போட்டியில் எந்த ஆட்டக்காரருக்கும் அவ்வளவு விலை கொடுக்கப்பட்டதில்லை. மொத்த வரம்பான 4 கோடியே 40 லட்சத்தில் பாதிக்கும் மேல் ஒரே ஆளுக்குப் போய்விட்டது.

அக்டோபர் 8ஆம் தேதி குஜராத் அணியுடன் முதல் ஆட்டம். தொடங்கிய சிறிது நேரத்திலேயே பவனுக்கு முழங்காலில் அடி. அந்தப் பருவம் முழுவதும் அவரால் திரும்ப முடியவில்லை. முதலில் பாதியை ஒரே சரக்கில் போட்டு, அச்சரக்கு கிடங்குக்கு வந்த அன்றே நனைந்துபோன வியாபாரியின் நிலைமை அது.

தொடக்க ஆட்டங்களில் அணி தடுமாறியது. பயிற்சியாளர் பொறுப்பு அஷன் குமாரிடம் சென்றது. சாகர் ராத்தி தலைமை ஏற்றார். புதிய இளம் வீரர் என்ற பிரிவில் வந்து முதல் பருவம் ஆடிய நரேந்தர், பாடிச் சென்று எடுத்த புள்ளிகள் 240ஐத் தாண்டின. அஜிங்க்ய பவார் அவருக்குத் துணை நின்றார். தடுப்பிலே முந்திய பருவத்தில் ஒன்றாக ஆடிப் பழகிய சாகர், சாஹில், அபிஷேக்.

இவர்கள் அணியை ஐந்தாம் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். வெளியேற்றும் சுற்றில் உத்தரப்பிரதேச அணியுடன் 36-36 எனச் சமநிலை. அதை முடிவுசெய்ய வைத்த ஆட்டத்தில் 6-4 என்று வெற்றி. டிசம்பர் 15 அரையிறுதியில் புனேரி பல்டனிடம் 37-39 என்று இரண்டே புள்ளிகளில் தோல்வி. அணி வரலாற்றில் முதன்முறையாக அரையிறுதி கண்டது, அதிக விலை கொடுத்து எடுத்த ஆள் களத்தில் இல்லாத பருவத்தில்தான்.

அப்படியானால் நட்சத்திரமே வேண்டாமா?

அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ஈரான் நாட்டுத் தடுப்பாட்டக்காரர் முகமதுரேசா ஷாத்லூயியை 2023 ஏலத்தில் புனேரி பல்டன் 2 கோடியே 35 லட்சத்துக்கு எடுத்தது. 2024 மார்ச்சில் புனே முதன்முறையாகக் கோப்பையை வென்றது. அடுத்த ஏலத்தில் அதே ஆளை ஹரியானா ஸ்டீலர்ஸ் 2 கோடியே 7 லட்சத்துக்கு எடுத்தது. 2024 டிசம்பரில் ஹரியானாவுக்கு முதல் கோப்பை!

அப்படியானால் வேறுபாடு எங்கே? புனேயில் அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத் போன்ற இளைஞர்கள் ஏற்கெனவே ஓர் அணியாக இறுகியிருந்தார்கள். ஹரியானாவில் ஜெய்தீப், மோஹித் நந்தால் ஆகியோர் பல பருவங்களாக ஒன்றாகத் தடுப்பில் நின்றவர்கள். பயிற்சியாளர் மன்பிரீத் சிங்கும் மாறவில்லை. ஷாத்லூயி வருவதற்கு முன்பே அந்த அணி ஓர் இறுதி ஆட்டம் வரை வந்திருந்தது. கட்டிய சுவரின்மேல் கோபுரம் வைத்தார்கள், நின்றது. நாம் பார்த்த 2019 தலைவாஸ், கோபுரத்தை வாங்கி வெறுந்தரையில் வைத்த கதை. ஹரியானாவும் தலைவாஸும் ஒரே ஆண்டில் பிறந்த அணிகள் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். 2022இல் எழுந்த தலைவாஸ் இளைஞர்களில் பலர் தொடர்ந்தும், அடுத்த பருவத்தில் அணி ஒன்பதாம் இடத்துக்கு இறங்கியது. 2024 ஏலத்தில் சச்சின் தன்வரை 2 கோடியே 15 லட்சத்துக்கு எடுத்தும் மீண்டும் ஒன்பதாம் இடமே. ஒரு வருடம் நன்றாக விளைந்த நாற்றங்கால் மறுவருடம் தானாக விளையாது. ஆண்டுதோறும் விதைக்க வேண்டும்.

நம் கடைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை

1. மொத்தத்தைப் பார்த்து விலை சொல்லுங்கள். எடுத்துக்காட்டாக, நான்கு பேர் வேலை செய்யும் கடையில் மாதச் சம்பளம் மொத்தம் 60,000 ரூபாய் எனக் கொள்வோம். தலைவாஸ் பவனுக்குக் கொடுத்த விகிதத்தில் ஒரு விற்பனையாளருக்குக் கொடுத்தால் அவருக்கு ஏறக்குறைய 30,800. மற்ற மூவருக்கும் ஆளுக்குப் பத்தாயிரம்கூடத் தேறாது. அந்தச் சம்பளத்துக்கு யார் நிற்பார்கள்? நிற்பவர்களும் எந்த மனநிலையில் நிற்பார்கள்?

2. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டாவது ஆள் இருக்க வேண்டும். தோல் வியாபாரத்தில் தரம் பிரிக்கும் கை ஒன்றே ஒன்று. மளிகை மண்டியில் பாக்கி ஏடு தெரிந்தவர் ஒருவரே. ஜவுளிக்கடையில் கொள்முதல் தெரிந்தவர் முதலாளி மட்டுமே. இப்படியிருந்தால் ஒரு காய்ச்சல் போதும், ரம்ஜான், தீபாவளி வியாபாரம் கைநழுவிப் போகும். தெரிந்தவர் அருகில் தெரியாதவரை வாரத்தில் ஒரு நாளாவது உட்கார வையுங்கள்.

3. ஆளுக்கேற்ற இடம் கொடுங்கள். பாடிச் செல்பவரைத் தடுப்பில் நிறுத்தினால் இரண்டும் கெடும். வாடிக்கையாளரிடம் இனிக்கப் பேசத் தெரிந்தவரைக் கிடங்கில் போட்டு, கணக்கில் கெட்டிக்காரரை வாசலில் நிறுத்தும் வழக்கம் நம்மிடம் உண்டு. திருக்குறளில் ஆளை ஆராய்ந்து நம்புவதற்குத் 'தெரிந்துதெளிதல்' என்று ஓர் அதிகாரமும், நம்பியவரை உரிய வேலையில் அமர்த்துவதற்குத் 'தெரிந்துவினையாடல்' என்று மற்றோர் அதிகாரமும் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. இரண்டும் வெவ்வேறு வேலைகள் என்பது அதிலிருந்தே விளங்கும்.

4. வெளியிலிருந்து அனுபவசாலியை எடுப்பதற்கு முன், அவரைத் தாங்க அணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தயங்காமல் எடுங்கள்; அவரிடமிருந்து மற்றவர்களும் கற்பார்கள். இல்லாவிட்டால் அதே தொகையில் பதினெட்டு வயது நிறைந்த இரண்டு இளைஞர்களை எடுத்துப் பழக்குங்கள்.

"பழக்கினால் போய்விடுவார்களே!"

இதுதான் நம் வணிகர்கள் எழுப்பும் முதல் மறுப்பு. கபடி ஏலத்தில் ஆட்டக்காரரைத் தக்கவைத்துக்கொள்ள அணிகளுக்கு விதியே இடம் தருகிறது. கடைக்காரருக்கு அப்படி ஒரு விதி இல்லை. தொழிற்சாலை கூப்பிட்டால் நம் ஆள் நாளையே போகலாம். அது அவர் உரிமை.

இதற்காகச் சிலர் முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிவைக்கிறார்கள். கடனால் கட்டுண்டவர் உடம்பால் இருப்பார்; மனத்தால் இருக்கமாட்டார். கடன் தீர்ந்த அன்று போய்விடுவார். தக்கவைப்பதற்கு வேறு வழிகள் உண்டு. அடுத்த ஆண்டு என்ன சம்பளம் என்பதை இந்த ஆண்டே சொல்லிவிடுவது ஒன்று. வார விடுமுறையைத் தவறாமல் கொடுப்பது மற்றொன்று. கடைகளில் வேலை செய்வோர் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு அரசு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. அதற்கு ஆகும் செலவு ஒரு ஸ்டூலின் விலை. இன்ன வேலை கற்றால் இன்ன உயர்வு என்று தெரிந்திருந்தால், இளைஞனுக்குக் கடையிலும் எதிர்காலம் தெரியும்.

அதற்குப் பிறகும் சிலர் போகத்தான் செய்வார்கள். நான்கு பேரைப் பழக்கி இருவர் போனாலும் இருவர் மிச்சம். யாரையும் பழக்காத கடையில் ஒருவர் போனாலே கதவைச் சாத்த வேண்டியதுதான். நம் கடைவீதிகளில் பிள்ளைகள் வெளியூர் போய்விட, பழைய கணக்குப்பிள்ளையும் ஓய்ந்துவிட, வியாபாரம் இருந்தும் ஆளில்லாமல் மூடிய கடைகளை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

பயிற்சி

இன்று கடை சாத்திய பின் ஒரு தாளை எடுத்து, கீழ்க்கண்ட மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிப் பாருங்கள்.

(அ) நம் கடையில் மொத்தச் சம்பளத்தில் எத்தனை பங்கு ஒரே ஆளுக்குப் போகிறது?

(ஆ) நாளைக் காலை எவர் வராவிட்டால் கடை நின்றுபோகும்? அவர் வேலையில் பாதியாவது தெரிந்த மற்றொருவர் யார்?

(இ) சென்ற ஓராண்டில் நாம் யாருக்கு என்ன கற்றுக்கொடுத்தோம்?

மூன்றாவது கேள்விக்கு நேரே ஒரு பெயராவது இருந்தால் நாற்றங்கால் இருக்கிறது என்று பொருள். இடம் காலியாக இருந்தால், ஆள் தேடி வெளியே போகும் முன் உள்ளே இருப்பவர்களில் ஒருவரின் பெயரை அங்கே எழுதுங்கள். கற்றுக்கொடுப்பதை நாளையே தொடங்குங்கள்.