சிறுவர் இசை, நாடகப் பயிற்சிக்கூடம் நடத்த

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் சிறுவர்களுக்கு இசை, நாடக வகுப்பு நடத்துவோர் முதலில் கவனிக்க வேண்டியது ஆலைகளின் ஷிப்ட் நேரம். பெற்றோரின் ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே பாடத்தை வாரநாள் மாலையிலும் ஞாயிறு காலையிலும் வைத்தால் எந்தப் பிள்ளைக்கும் பாடம் விட்டுப்போகாது. இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் உறங்குவோர் அக்கம்பக்கத்தில் இருப்பார்கள். எனவே தாள வாத்தியங்களைப் பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி வைக்காமல், பாயும் கனத்த திரையும் போட்ட உள்ளறைக்கு மாற்றுவது நல்லது. குடியிருப்புப் பகுதிக்கு ஒலி வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 45.

மிருதங்கத்தை ஏசி காற்றுக்கு நேராகவோ ஈரத்தரையிலோ வைத்தால் சுருதி நிற்காது. உறை போட்டுப் பலகை மேல் வைக்க வேண்டும். குரல் உடையும் வயதுப் பையன்களை உச்சஸ்தாயியில் கத்தவிடவே கூடாது. சுருதியைக் குறைத்து, சில மாதம் வசனம், தாளம் பக்கம் திருப்பினால் தொண்டை தப்பும்.

பாடத்திட்டத்துக்கு முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் 2002இல் தொடங்கிய குருகுலம், பள்ளிப் படிப்போடு கூத்தையும் சேர்த்தே பிள்ளைகளுக்குக் கற்றுத்தந்தது. கூத்தில் நடிகரே பாடி ஆடுவதால், ஒரே காட்சியில் பாட்டும் நடிப்பும் பழகிவிடும்.