அழாத குழந்தையைக் கவனியுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரப்பர்த் தோட்டத்திற்கு நாம் சென்றிருந்தோம். பிரட்டு முடிந்து, பெரியவர்கள் பால்மரம் வெட்டச் சென்றுவிட்ட நேரம். ஆயாக் கொட்டகையில் ஒரு குழந்தை காய்ச்சலால் உரக்க அழுதுகொண்டிருந்தது. எல்லாரும் அதனையே சூழ்ந்து நின்றனர். மற்றொரு குழந்தை, வயது 14 மாதம், தூளியில் ஓசையின்றிக் கிடந்தது. "இரவெல்லாம் வயிற்றோட்டம், இப்போதுதான் அடங்கித் தூங்குகிறது" என்றார் ஆயா.

எம்முடன் வந்திருந்த தாதி முதலில் சென்றது தூளியிடந்தான். குழந்தை தூங்கவில்லை, உடலின் நீரை இழந்து, அழவும் வலுவின்றிக் கிடந்தது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டதால் அது பிழைத்தது.

அழும் குழந்தையை விட்டு அழாத குழந்தையைத் தாதி நாடியது ஏன்? உரக்க அழுவதற்கு மூச்சும் வலுவும் வேண்டும். கடும் நோயுற்ற குழந்தையிடம் அவை இரா. தாதியர் கற்கும் முதற்பாடம் இதுவே. பெற்றோரும் ஆயாமாரும் இதனைக் கற்றுக்கொள்வது அரிதன்று.

நான்கு அபாயக் குறிகள்

இரண்டு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தை நோயுற்றால் நான்கினைக் காண வேண்டும்.

1. பால் குடிக்கவோ நீர் அருந்தவோ இயலாமை.
2. உட்கொண்ட அனைத்தையும் வாந்தியெடுத்தல்.
3. வலிப்பு.
4. அழைத்தும் விழிக்காத சோர்வு அல்லது மயக்கம்.

இவற்றுள் ஒன்று காணப்படினும் காத்திருத்தல் கூடாது. அன்றே, அப்பொழுதே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். இரண்டு மாதத்திற்கு உட்பட்ட சிசுவாயின், காய்ச்சல் கண்டாலும், பால் குடிப்பது குறைந்தாலும் தாமதமின்றிக் காட்டவேண்டும்.

மூச்சை எண்ணுதல்

இருமல் உள்ள குழந்தைக்கு நுரையீரல் அழற்சி உண்டா என்பதை அறிய ஒரு கைக்கடிகாரம் உதவும். குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்தி, வயிறும் மார்பும் ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். 2 மாதத்திற்கு உட்பட்ட சிசுவுக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 முதல் 12 மாதம் வரை 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேக மூச்சு, அன்றே காட்டவேண்டும். மூச்சை இழுக்கும்போது விலா எலும்பின் கீழ்ப்பகுதி உட்குழிந்தால் நோய் முற்றுகிறது என்பது பொருள்.

நீரிழப்பை அறிதல்

வயிற்றோட்டத்தில் உயிருக்கு ஊறு செய்வது பெரும்பாலும் நீரிழப்பே. கண்கள் குழி விழுதல், எரிச்சலுற்று அமைதியின்றி இருத்தல், நீரைக் கண்டதும் ஆவலுடன் குடித்தல் ஆகியவை தொடக்க நிலை. பின்னர்க் குழந்தை சோர்ந்துவிடும், நீரையும் ஏற்காது. வயிற்றுத் தோலை இரு விரலால் கிள்ளி விடுங்கள். மடிப்பு உடனே மறைவது நன்று. மெல்ல மறைந்தால் நீரிழப்பு உண்டு. 2 வினாடிக்கு மேல் நின்றால் நிலை கடுமையானது. சிசுக்களின் உச்சிக்குழி பள்ளமாவதும் ஓர் அடையாளம். இதனை "உரம் விழுந்தது" என்றோ "கண்பட்டது" என்றோ எண்ணி நாள் கடத்தலாகாது.

கொடுக்க வேண்டியது நீர்

வயிற்றோட்டத்தின்போது நீர் கொடுத்தால் பேதி மிகும் என்று நம் பெரியோர் சிலர் தடுப்பதுண்டு. அது தவறு. 1971-ஆம் ஆண்டு வங்காளதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் வாந்திபேதி பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து நீர் போதவில்லை. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் அளந்து கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 வரை இருந்த இறப்பு 4-க்கும் கீழே குறைந்தது. அந்நீரைப் புகட்டியவர்களுள் பலர் நோயாளிகளின் உறவினரே.

அந்நீரின் வழி வந்ததே இன்று மருந்தகங்களில் கிடைக்கும் உப்பு-சர்க்கரைப் பொட்டலம். பொட்டலத்தில் குறித்த அளவு கொதித்தாறிய நீரில் முழுவதையும் கரையுங்கள். ஒவ்வொரு முறை வயிறு போன பின்னும் 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டரும், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லிலிட்டரும் கரண்டியால் சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். வாந்தியெடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, மீண்டும் மெதுவாகத் தொடங்குங்கள். 24 மணி நேரம் கடந்த கரைசலைக் கொட்டிவிடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவேண்டாம். மலத்தில் இரத்தம் கண்டால் உடனே காட்டுங்கள்.

காய்ச்சலும் வலிப்பும்

வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் கரண்டியோ மருந்தோ இடலாகாது. கையில் இரும்பைத் திணிப்பதால் பயனில்லை. கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தில் நிற்காவிடில் 999-க்கு அழையுங்கள். வலிப்பு நின்றாலும் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும்.

டிங்கிக் காய்ச்சலில் மற்றொன்றையும் நினைவிற் கொள்ளுங்கள். காய்ச்சல் இறங்கும் நாளே ஆபத்து தொடங்கும் நாளாகலாம். அப்பொழுது கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு, சோர்வு காணப்பட்டால் விரைந்து செல்லுங்கள். ஆஸ்பிரின் கொடுத்தல் கூடாது.

தாதியிடம் சொல்ல வேண்டியவை

நோய் எப்போது தொடங்கிற்று, எத்தனை முறை வயிறு போயிற்று, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது, என்ன குடித்தது, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பவற்றை ஒரு தாளில் குறித்துச் செல்லுங்கள். காலையில் ஆயாவிடம் குழந்தையை விடும்போதும் இவற்றைச் சொல்லுங்கள். அன்று அத்தாய் இரவு நடந்ததைச் சொல்லத்தான் செய்தார். ஆனால் எத்தனை முறை என்று சொல்லவில்லை, ஆயாவும் கேட்கவில்லை.

ஒரு நாள் கூலி போகுமே என்ற அச்சம் எமக்கு விளங்காததன்று. அத்தாயும் அந்த அச்சத்தினாலேயே நிரைக்குச் சென்றார். எனினும் வயிற்றோட்டம் கண்ட சிசுவுக்குச் சில மணி நேரமே போதும், நிலை மாறிவிட. நோயுற்ற குழந்தை இருப்பின் பிரட்டிலேயே தண்டலிடம் சொல்லுங்கள்; நாம் டிரசர் என்றழைக்கும் உதவி மருத்துவ அதிகாரியிடமோ அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்திலோ காட்டுங்கள்.

பயிற்சி

1. நான்கு அபாயக் குறிகள் யாவை?
2. ஒரு வயதுக் குழந்தையின் மூச்சு நிமிடத்திற்கு எத்தனை இருந்தால் வேக மூச்சு?
3. வயிற்றோட்டமுள்ள குழந்தை திடீரென ஓசையின்றி அடங்கினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

மூன்றாம் வினாவை இன்றிரவு வீட்டில் அனைவரிடமும் கேளுங்கள். "தூங்கட்டும்" என்று எவரேனும் விடை கூறினால், இப்பாடத்தை அவருக்கு மீண்டும் ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.