பினாங்கு வழியாக வந்த நீலத் தட்டு

கேள்வி: எங்கள் வீட்டுப் பரணில் நீலப் பூவேலை செய்த பெரிய பீங்கான் தட்டுகள் நான்கு இருக்கின்றன. பினாங்கில் கடை வைத்திருந்த வாப்பாவின் வாப்பா கொண்டுவந்தவை. பின்பக்கம் மணி போன்ற முத்திரையும் அரபு எழுத்தும் உள்ளன. அரபுத்தமிழ் படித்த உம்மாவால் எழுத்துக்கூட்ட முடிகிறது, பொருள் விளங்கவில்லை. இவை சீனத் தட்டுகளா? கந்தூரிக்குச் சோறு பரிமாறலாமா? சிங்கப்பூரிலிருக்கும் மகன் கேட்கிறான், அனுப்பலாமா?
– ஒரு வாசகி, நாகூர்

பதில்: உம்மா படித்தது ஜாவி, அதாவது அரபு எழுத்தில் மலாய். அந்தப் பூவேலையின் பெயரை அப்படிப் பொறித்திருக்கிறார்கள். மணி முத்திரை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1842இல் தொடங்கிய ஜே. அண்ட் எம். பி. பெல் நிறுவனத்துடையது. தென்கிழக்காசியாவுக்கென்றே தனிப் பூவேலைகள் அமைத்து, மலாய்ப் பெயரிட்டு அனுப்பியவர்கள் இவர்கள். முத்திரையில் 'லிமிடெட்' என்பதன் சுருக்கம் இருந்தால் தட்டு 1881க்குப் பிந்தியது. மலாய் ஊர்களிலும் விருந்துச் சோற்றைப் பலர் கூடி ஒரே தட்டில் உண்பார்கள். அதேபோல் பலர் கூடி ஒரே தட்டில் உண்ணும் நம் சஹன் சாப்பாட்டுக்கும் இந்தத் தட்டின் அளவு பொருந்தியதால்தான் உங்கள் பாட்டனார் பெரிய தட்டாகப் பார்த்து வாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

சீனத் தட்டு அல்ல. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பின்னால் விரலை வையுங்கள். அசல் பீங்கானில் நிழல் தெரியும், இதில் தெரியாது. இது வெண்களிமண்ணைச் சுட்டு மெருகேற்றிய பாண்டம். விளிம்பு பெயர்ந்த இடம் சொரசொரப்பாக இருக்கும், ஈரத்தை உறிஞ்சும்.

பூவேலையும் கையால் வரைந்ததில்லை. செப்புத் தகட்டில் செதுக்கி, தகட்டைச் சூடாக்கி, கோபால்ட் நீல மையைத் தடவி, மெல்லிய காகிதத்தில் ஒற்றியெடுப்பார்கள். ஒருமுறை சுட்ட தட்டின்மேல் அந்தக் காகிதத்தை வைத்து அழுத்தித் தேய்த்து, பிறகு தண்ணீரில் கழுவிவிட்டால் மை மட்டும் தங்கும். அதற்குமேல் மெருகு, மறுபடி சூளை. ஓரத்துக் கொடியை விரலால் தொடர்ந்து போங்கள். ஓரிடத்தில் இலை பாதியில் அறுந்து வேறோர் இலை தொடங்கும். இரண்டு காகிதத் துண்டுகள் சேர்ந்த இடம் அது. காகிதத்தை வெட்டி ஒட்டியவர்கள் பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும். அந்தத் தட்டில் நான் முதலில் தேடுவது அவர்கள் கை பட்ட அந்த இடத்தைத்தான்.

இந்த முறையில் நம் ஊர்க் காட்சிகளும் அச்சேறியிருக்கின்றன. 1792இல் தெற்கே வந்த டேனியல் ஓவியர்கள் தஞ்சைப் பெரிய கோவிலையும் மதுரைக் கோட்டையையும் வரைந்தார்கள். மதுரைக் காட்சியை லிவர்பூலின் ஹெர்குலேனியம் ஆலை நீலத் தட்டுகளில் பதித்தது. உங்களுடையவை அதற்கு இரண்டு தலைமுறை பிந்தியவை.

சோறு பரிமாற வேண்டாம். அந்தக் கால மெருகில் ஈயம் உண்டு. புளி, எலுமிச்சை பட்டால் அது உணவில் இறங்கும். மெருகில் மயிரிழை வெடிப்பு இருந்தால் ஊறவைக்கவும் வேண்டாம். ப்ளீச் கூடவே கூடாது. மிதமான சோப்பு, மெல்லிய துணி போதும்.

அனுப்புவதற்குமுன் பொறுங்கள். நூறாண்டு கடந்த கைவினைப் பொருள்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. முதலில் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டிக் கேளுங்கள். மகனுக்கு இப்போதைக்கு முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து அனுப்புங்கள். ஜாவி படிக்கத் தெரிந்தவர்கள் அவர் இருக்கும் ஊரில் கிடைப்பார்கள்.