வீட்டுக்குள் ஒலிக்கும் குரலும் நோயின் போக்கும்

மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் ஒருவரின் குடும்பத்தார் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி மருந்தைப் பற்றியதாக இருக்கும். இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலும் கிளம்பும் தறுவாயில், கதவருகே நின்றுகொண்டு தயக்கத்துடன் கேட்பார்கள்: "வீட்டில் இவரிடம் எப்படிப் பேசுவது, டாக்டர்?" முதல் கேள்விக்கு மருந்துச் சீட்டில் விடை இருக்கிறது. இரண்டாவதற்கு ஒரு வரியில் விடை சொல்ல இயலாது. ஆனால் அதைப் பற்றி ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக ஆராய்ச்சி நடந்துவருகிறது. அந்த ஆராய்ச்சி கண்டது என்ன, அதில் நம் வீடுகளுக்குப் பொருந்துவது எது என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

1950களின் நடுப்பகுதியில் குளோர்புரோமசின் என்னும் மருந்து பயன்பாட்டுக்கு வந்தபின், ஆண்டுக்கணக்கில் மனநல மருத்துவமனைகளில் இருந்தவர்கள் இங்கிலாந்தில் பெருமளவில் வீடு திரும்பத் தொடங்கினர். அவர்களில் சிலர் நலமாக இருந்தனர். சிலர் சில மாதங்களிலேயே மீண்டும் சேர்க்கப்பட்டனர். இந்த வேறுபாடு ஏன் என்று ஜார்ஜ் பிரவுன் என்னும் சமூகவியலாளரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தனர். மருத்துவமனையிலிருந்து வெளியேறிய 229 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1958இல் அவர்கள் வெளியிட்ட முடிவு எவரும் எதிர்பாராதது. பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைக் காட்டிலும், வாடகை அறையில் தங்கியவர்களும் உடன்பிறந்தாரோடு வசித்தவர்களும் நலமாக இருந்தனர்.

இதைப் படித்த உடனே தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. வீட்டைவிட விடுதி மேல் என்பது இதன் பொருளன்று. வீட்டில் நிகழும் ஏதோ ஒன்று நோயின் போக்கைப் பாதிக்கிறது. அது என்னவென்று கண்டறிய வேண்டும் என்பதே பிரவுன் எடுத்துக்கொண்ட வேலை. அதற்காக உருவான நேர்காணல் முறைக்கு, தெற்கு லண்டனில் உள்ள கேம்பர்வெல் என்னும் பகுதியின் பெயரே நிலைத்துவிட்டது. நோயாளி உடனில்லாமல் உறவினரிடம் மட்டும் நெடுநேரம் பேசி, ஒலிநாடாவில் பதிவு செய்து, பயிற்சி பெற்றவர்கள் அதைக் கேட்டு மதிப்பிடுவார்கள். என்ன சொன்னார் என்பதைப் போலவே எந்தக் குரலில் சொன்னார் என்பதும் கணக்கில் வந்தது. "காலையில் பத்து மணி வரைக்கும் படுத்தே கிடக்கிறான்" என்ற ஒரே வாக்கியத்தைக் கவலையோடும் சொல்லலாம், கசப்போடும் சொல்லலாம். நம் வீடுகளில் இந்த இரண்டையும் பிரித்தறியக் கருவி எதுவும் தேவையில்லை. அடுத்த அறையில் படுத்திருப்பவருக்கே அது தெரியும்.

இவ்வாறு அளக்கப்பட்டதற்கு ஆய்வாளர்கள் 'வெளிப்படும் உணர்ச்சி' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினர். அதில் மூன்று கூறுகள் தீங்கோடு தொடர்புடையவையாகத் தெரிந்தன. முதலாவது குறைகூறல்: ஒரு குறிப்பிட்ட செயலைக் கண்டிப்பது. இரண்டாவது பகைமை: செயலை விட்டு ஆளையே வெறுத்துப் பேசுவது. "குளிக்க மாட்டேன் என்கிறான்" என்பது குறைகூறல். "இவன் எதற்கும் உதவாதவன்" என்பது பகைமை. மூன்றாவது மிகை ஈடுபாடு. நோயாளிக்காகத் தன் வாழ்வை முழுவதுமாகத் துறப்பது, அவர் தாமே செய்யக்கூடியவற்றையும் செய்ய விடாமல் தாமே செய்துவிடுவது, அவர் சற்று முகம் வாடினாலும் தாம் உடைந்து போவது ஆகியவை இதில் அடங்கும். உறவினரின் பரிவும் பாராட்டும்கூட அதே ஒலிநாடாவிலிருந்து தனியே மதிப்பிடப்பட்டன.

1972இல் பிரவுன், பேர்லி, விங் ஆகிய மூவரும் 101 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டனர். வெளிப்படும் உணர்ச்சி மிகுந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களில் 58 விழுக்காட்டினருக்கு ஒன்பது மாதங்களுக்குள் நோய் மீண்டும் தலைதூக்கியது. மற்ற வீடுகளில் அது 16 விழுக்காடு. 1976இல் கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் ஆகிய இருவரும் தம் ஆய்வையும் முந்தைய ஆய்வையும் சேர்த்து 128 பேரின் நிலையை ஆராய்ந்தபோது, வேறு இரண்டு செய்திகளும் தெளிவாயின. உணர்ச்சி மிகுந்த வீட்டில், குறைகூறும் உறவினருடன் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கும் மேலாக நேருக்கு நேர் இருந்து, மருந்தும் எடுக்காதவர்களில் 92 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. அதே வகை வீட்டில், 35 மணிக்கும் குறைவான நேரம் சேர்ந்திருந்து மருந்தையும் தொடர்ந்தவர்களில் அது 15 விழுக்காடுதான். ஒவ்வொரு பிரிவிலும் இருந்தவர்கள் சிலரே என்பதால் இந்த எண்களை அப்படியே உங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். ஆனால் அவை காட்டும் திசை பின்னாளில் பல நாடுகளில் உறுதிப்பட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அமைதியான வீடு என்றால் மருந்து தேவையில்லை என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அதே நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்தபோது, அமைதியான வீடுகளில் இருந்தவர்களிலும் மருந்தைத் தொடர்ந்தவர்களே நலமாக இருந்தனர். வீட்டுச் சூழலும் மருந்தும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல.

இந்தச் செய்திகளைக் கேட்கும் தாய்மார்களின் முகம் மாறுவதை நாங்கள் கண்டிருக்கிறோம். "அப்படியானால் என்னால்தான் என் பிள்ளைக்கு இந்த நோய் வந்ததா?" என்பதுதான் அவர்கள் மனத்தில் எழும் கேள்வி. இல்லை. இதைத் திட்டவட்டமாகச் சொல்கிறோம். 1940களிலும் 50களிலும் மேலை நாட்டு மனநல மருத்துவர்கள் சிலர், தாயின் வளர்ப்பு முறையே மனச்சிதைவை உண்டாக்குகிறது என்று எழுதினார்கள். அதற்குச் சான்று கிடைக்கவில்லை. அந்தக் கருத்து கைவிடப்பட்டுவிட்டது. அது எத்தனை தாய்மார்களை வீணாகக் குற்றவுணர்வில் தள்ளியது என்பதை எங்கள் துறை மறந்துவிடக் கூடாது. பிரவுனின் ஆய்வு நோய் வந்த காரணத்தைப் பற்றியதன்று. வந்த நோய் எவ்வாறு செல்கிறது என்பதைப் பற்றியது. மேலும், குறைகூறல் வானத்திலிருந்து விழுவதில்லை. இரவெல்லாம் விழித்திருந்து, கடன் வாங்கி, அக்கம்பக்கத்தாருக்கு விளக்கம் சொல்லிச் சொல்லிச் சலித்தவரின் குரலில் கடுமை ஏறத்தான் செய்யும். நோயின் கடுமை குரலைக் கடுமையாக்குகிறது. கடுமையான குரல் நோயைக் கிளறுகிறது. சம்பளம் பெற்றுப் பணியாற்றும் பராமரிப்பு இல்ல ஊழியர்களிடமும் இதே குறைகூறல் அளந்து காணப்பட்டிருக்கிறது. எனவே இது பாசக் குறைவின் அடையாளம் ஆகாது.

பின் எதன் அடையாளம்? இதற்கு ஆய்வாளர்கள் கண்ட விடையை இக்கட்டுரையின் மையமாகவே நாங்கள் கருதுகிறோம். மிகுதியாகக் குறைகூறும் உறவினர்கள், நோயாளியின் நடத்தையை அவருடைய கட்டுப்பாட்டில் உள்ளதாக எண்ணுகிறார்கள்: "மனம் வைத்தால் முடியும், மனம் வைக்கவில்லை." வேறு யாருக்கும் கேட்காத குரல் தனக்குக் கேட்கிறது என்று ஒருவர் சொன்னால், அதை நோய் என்று வீட்டார் விரைவில் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் படுக்கையை விட்டு எழாமை, குளிக்காமை, பேச்சுக் குறைதல், எதிலும் நாட்டமின்மை ஆகியவற்றை நோய் என்று ஏற்பது கடினம். அவை சோம்பலைப் போலவே தோற்றமளிக்கின்றன. உண்மையில் இவையும் மனச்சிதைவின் அறிகுறிகளே. குரல்கள் அடங்கிய பின்னும் நெடுநாள் நீடிப்பவை. சில வேளைகளில் மருந்தினால் வரும் தூக்கக் கலக்கமும் இவற்றோடு சேர்ந்துகொள்கிறது. அதை எங்களிடம் சொன்னால் மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்றிப் பார்க்கலாம். கால் முறிந்து கட்டுப் போட்டிருப்பவரை ஏன் ஓடவில்லை என்று எவரும் கேட்பதில்லை, கட்டு கண்ணுக்குத் தெரிவதால். இங்கே கட்டு தெரிவதில்லை.

லண்டனில் உருவான அளவுகோல் நம் நாட்டுக்குப் பொருந்துமா? 1980களில் சண்டிகரில் பேராசிரியர் விக் தலைமையிலான குழுவினர் லெஃபுடன் இணைந்து இதைச் சோதித்தனர். அங்கு உணர்ச்சி மிகுந்த உறவினர்கள் 23 விழுக்காட்டினரே. லண்டனில் ஏறத்தாழ பாதிப்பேர். நம் குடும்பங்கள் நோயாளியைச் சகித்து ஏற்றுக்கொள்கின்றன என்பதற்கு இது ஒரு சான்றாகப் பேசப்பட்டது. வளரும் நாடுகளில் மனச்சிதைவின் போக்கு நன்றாக இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுகள் கண்டதற்கும் இதுவே ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. இதைக் கேட்டுப் பெருமை கொள்ளலாம், மிதமாகவே கொள்ளலாம். எல்லா வளரும் நாடுகளிலும் நிலைமை அப்படியில்லை என்று 2008இல் வெளியான ஒரு மீளாய்வு காட்டியது. அதை எழுதியவர்களில் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் தாராவும் ஒருவர். சண்டிகர் ஆய்வு நடந்த காலத்துக் கூட்டுக் குடும்பமும் இன்று நம் நகரங்களில் அருகிவிட்டது. இரண்டு அறை வீட்டில், மூன்று பேர் நாள் முழுவதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருக்கும் நிலையில், அந்த 35 மணிக் கணக்கு இரண்டு மூன்று நாள்களிலேயே முடிந்துவிடும்.

மிகை ஈடுபாடு என்பதையும் நம் மண்ணில் நிதானமாகவே பயன்படுத்த வேண்டும். முப்பது வயது மகனுக்குத் தாய் சோறு பிசைந்து கொடுப்பதை லண்டன் அளவுகோல் ஐயத்தோடு பார்க்கலாம். நம் ஊரில் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவ்வளவே. ஆனால் மகனை விட்டுவிட்டு உடன்பிறந்தவர் வீட்டுத் திருமணத்துக்குக்கூடப் பல ஆண்டுகளாகப் போகாத தாய் தம் உடல்நலத்தையும் இழக்கிறார். மகனும் தனியே ஒரு தேநீர்க் கடைக்குப் போய்வரும் திறனை இழக்கிறார். எல்லையை அங்கேதான் காண வேண்டும். பரிவு மட்டும் தனித்து நிற்கும்போது அது காக்கிறது என்பதற்கும் சான்று உண்டு: அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களை ஆராய்ந்த ஸ்டீவன் லோபெசும் குழுவினரும், குடும்பத்தாரின் பரிவு மிகுந்திருந்த இடங்களில் நோய் திரும்புவது குறைந்திருப்பதைக் கண்டனர்.

வீட்டுச் சூழலை மாற்ற முடியுமா என்பதுதான் பயன்தரும் கேள்வி. முடியும். 1982இல் லெஃபும் அவர் குழுவினரும், உணர்ச்சி மிகுந்த வீடுகளைச் சேர்ந்த நோயாளிகளுக்கு மருந்தோடு குடும்பத்தாருக்கான பயிற்சியும் தந்து பார்த்தனர். நோயைப் பற்றிய விளக்கம், உறவினர் கூடிப் பேசும் குழு, வீட்டிலேயே சந்திப்பு ஆகிய மூன்றும் அதில் இருந்தன. மருந்தை மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேருக்கு ஒன்பது மாதங்களில் நோய் திரும்பியது. பயிற்சி பெற்ற குடும்பங்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவு. நம் நாட்டிலோ இதற்கு வெகு முன்பே, 1950களில், அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்குபெறச் செய்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் குடும்பத்தார் நோயாளியுடன் தங்கும் முறை நெடுங்காலமாக உண்டு. அண்மையில், தமிழ்நாட்டையும் உள்ளடக்கி மூன்று இடங்களில் 282 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் வீட்டுக்கே சென்று உதவிய குடும்பங்களில் நோயாளிகளின் முன்னேற்றம் சற்றே கூடுதலாக இருந்தது. பெரிய அற்புதம் இல்லை. ஆனால் சிறப்பு மருத்துவர் அல்லாதவர்களும் இதைச் செய்ய முடியும் என்று காட்டியது.

எனவே கதவருகே கேட்கப்படும் அந்தக் கேள்விக்கு வருவோம். ஒரு நேரத்தில் ஒன்றைச் சொல்லுங்கள், சுருக்கமாகச் சொல்லுங்கள். "எப்போது பார்த்தாலும்", "என்றைக்காவது நீ" என்று தொடங்கும் வாக்கியங்களைத் தவிர்த்துவிடுங்கள். அவை செயலை விட்டு ஆளைச் சுட்டுகின்றன. "இன்றைக்குச் சாப்பாட்டுக்கு முன் குளித்துவிடு, வெந்நீர் வைத்திருக்கிறேன்" என்பது போதும். செய்தால், செய்ததைக் கண்டதாகச் சொல்லுங்கள். செய்யாவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். அவருக்குக் கேட்கும் குரல்கள் பொய் என்று வாதிட்டு வெல்ல முடியாது. "எனக்குக் கேட்கவில்லை, ஆனால் உனக்கு அது தொந்தரவாக இருப்பது புரிகிறது" என்று சொல்லலாம். பகலில் சில மணி நேரமாவது இருவரும் வேறு வேறு இடங்களில் இருக்க வழி செய்யுங்கள்: அவருக்குப் பகல்நேர மையமோ சிறு வேலையோ, உங்களுக்குக் கோயிலோ தோழி வீடோ. இதைச் சுயநலம் என்று எண்ண வேண்டாம். ஆனால் அமைதியாக இருப்பது என்றால் அடியைப் பொறுத்துக்கொள்வது என்று பொருளில்லை. வன்முறை வந்தால் விலகி நில்லுங்கள், உதவிக்கு ஆள் அழையுங்கள், எங்களுக்கும் தெரிவியுங்கள். தூக்கம் குறைதல், புதிதாக ஐயம் கொள்ளுதல், அறைக்குள் ஒதுங்குதல், மருந்தை மறுத்தல் ஆகியவை தோன்றினால் அடுத்த தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். நள்ளிரவில் யாரிடமாவது பேச வேண்டியிருந்தால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

இது மனச்சிதைவுக்கு மட்டும் உரியதன்று. 1998இல் ஹூலியும் பட்ஸ்லாஃபும் 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனச்சோர்விலும் உணவுப் பழக்கக் கோளாறுகளிலும் இந்தத் தொடர்பு இன்னும் வலுவாக இருந்தது. அதற்கு முன்பே 1989இல் ஹூலியும் டீஸ்டேலும் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்ற 39 பேரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டிருந்தனர்: உங்கள் வாழ்க்கைத் துணை உங்களை எவ்வளவு குறைகூறுவதாக நீங்கள் கருதுகிறீர்கள்? ஒன்று முதல் பத்து வரை ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். நெடுநேர நேர்காணலைவிட அந்த ஒற்றை எண்ணே நோய் திரும்புவதைச் சரியாக முன்னுணர்த்தியது.

அடுத்த முறை புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது, உடன்வரும் உறவினரைச் சற்று வெளியே அமரச் சொல்லிவிட்டு, அந்த எண்ணை நோயாளியிடம் நாங்கள் கேட்கக்கூடும். பிறகு அவரை வெளியே அமரச் சொல்லிவிட்டு உறவினரிடமும் ஓர் எண்ணைக் கேட்போம்: கடந்த வாரம் நீங்கள் எத்தனை இரவுகள் முழுதாக உறங்கினீர்கள்?