மீன் தொட்டித் தண்ணீரில் ‘ஷாக்’ அடிக்கிறதா?

தொட்டிக் கண்ணாடியைத் துடைக்கக் கையை உள்ளே விட்டதும் ‘சுர்’ரென்று இழுத்ததா? உடனே கையை எடுங்கள். ஈரக் கையோடு பக்கத்து ஸ்விட்சைத் தொடாதீர்கள். கையைத் துடைத்து, காய்ந்த செருப்புப் போட்டுக்கொண்டு மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்யுங்கள். பிறகு தொட்டிக்குப் போகும் பிளக் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஸ்விட்சை மட்டும் அணைப்பது போதாது. சில வீடுகளில் ஸ்விட்ச், ஃபேஸுக்குப் பதிலாக நியூட்ரலில் மாட்டப்பட்டிருக்கும். அணைத்த பிறகும் பம்ப் வரை மின்சாரம் வந்து நிற்கும்.

“மீனெல்லாம் நல்லாத்தானே நீந்துது, அப்புறம் கரண்ட் எப்படி இருக்கும்?” என்று கேட்பீர்கள். மின்கம்பியில் காக்கை உட்கார்ந்திருக்கிற கதைதான். கண்ணாடித் தொட்டியிலிருந்து தரைக்குப் போக மின்சாரத்துக்கு வழியில்லை. தரையில் நிற்கும் நீங்கள் கையை விட்டதும் நீங்களே அந்த வழி ஆகிவிடுகிறீர்கள்.

டெஸ்டரைத் தண்ணீரில் வைத்துப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். பழுதே இல்லாத பம்ப், லைட் பக்கத்தில் இருந்தாலும் டெஸ்டர் லேசாக எரியலாம். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பிளக் கழற்றிய நிலையிலேயே ஃபில்டர், ஹீட்டர், லைட் ஒவ்வொன்றையும் வெளியே எடுத்துப் பாருங்கள். பம்பிலிருந்து வயர் கிளம்பும் இடத்தில் வெடிப்பு, எலி கடித்த தடம், ஹீட்டர் கண்ணாடிக்கு உள்ளே நீர்த்துளி, கருத்துப்போன பிளக் பின் இவற்றில் ஏதாவது தெரிந்தால் அந்தப் பொருளைத் தூக்கிப் போடுங்கள். தண்ணீருக்குள் இருக்கும் வயருக்கு இன்சுலேஷன் டேப் ஒட்டுவது ரிப்பேர் ஆகாது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லையா? எலக்ட்ரீஷியன் ‘மெக்கர்’ கருவியில் ஒவ்வொன்றாகச் சோதித்துச் சொல்லட்டும். (சமவெளி ஊர்களில் ஹீட்டர் பெரும்பாலும் தேவையே இல்லை, ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு வேண்டும்.)

எம்.சி.பி. இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது அதிக லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும்தான். ஆளைக் காப்பாற்றுவது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உடல் வழியாக மின்சாரம் கசிந்தால் நொடியின் ஒரு சிறு பங்கில் அது இணைப்பைத் துண்டிக்கும். அதிலுள்ள ‘டி’ பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். டிரிப் ஆகவில்லை என்றால் மாற்றியாக வேண்டும்.

இரண்டு சின்ன வேலைகள் பெரிய செலவைத் தவிர்க்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொட்டிக்கு அடியில் வைக்காமல் சுவரில் மாட்டி, வயரைப் பிளக்குக்குக் கீழே தொங்கும்படி வளைத்து விடுங்கள். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால், கரண்ட் போகும்போது டியூப் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி இறங்கி பம்புக்குள் புகுந்துவிடும். மேலே வைக்க இடமில்லை என்றால் டியூபில் ஒரு ‘நான்-ரிட்டர்ன் வால்வ்’ போடுங்கள், விலை குறைவுதான்.

யாராவது தொட்டியோடு ஒட்டிக்கொண்டால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை அணையுங்கள். அடுத்து 108.

மீட்டருக்குப் பிறகு வரும் வயரிங் உங்கள் பொறுப்பு. அதற்கு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஆனால் வீடு முழுக்க லைட் மங்கிப் பளிச்சிடுகிறது, பல பொருள்கள் ஒரே சமயத்தில் போகின்றன என்றால் கோளாறு தொட்டியில் இல்லை. மின்னகம் 94987 94987 எண்ணுக்குப் பேசுங்கள்; மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.